மாற்று பிளேடு எங்கே இருக்கும்?

(வடிவமைப்பு பயிலும் பொறியியல் மாணவர்களும் ஊர் வாசகர் வட்டத்தினரும் சேர்ந்து ஏற்பாடு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளேடைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வந்திருக்கிறேன். அதை வைத்து அடிக்கக்கூடிய ஒரே நகைச்சுவையைக் கூட்டத் தலைவர் தம் முன்னுரையிலேயே அடித்துவிட்டார், நீங்களும் கைதட்டிவிட்டீர்கள். எனக்கு மிச்சம் இல்லை. நேராகப் பொருளுக்கு வருகிறேன்.

சட்டைப் பையில் அடங்குகிற சிறிய ரேசர் ஒன்று வேண்டும். மாற்று பிளேடுகளும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். வடிவமைப்பு மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் படம் வந்துவிடும். கைப்பிடியைக் குடைவார்கள், அடியில் ஒரு திருகு மூடி போடுவார்கள், உள்ளே ஐந்து பிளேடை அடுக்குவார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். நான் இரண்டு கேள்வி கேட்பேன். மூடியைத் திறந்தாயிற்று, கையெல்லாம் ஈரமும் சோப்பு நுரையும். உள்ளே இருக்கிற பிளேடை எதைக் கொண்டு வெளியே எடுப்பீர்கள்? இது முதல் கேள்வி. ரேசரிலிருந்து கழற்றிய பழைய பிளேடு இப்போது எங்கே இருக்கிறது? இது இரண்டாவது. முதல் கேள்விக்கு யாராவது ஒருவர் ஏதாவது சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு வகுப்பே தலையைச் சொறியும்.

முதலில் இடக்கணக்கைப் பார்த்துவிடுவோம். கடையில் வாங்குகிற இரட்டை விளிம்பு பிளேடு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன். எடை அரை கிராமுக்குச் சற்று மேல். பத்து பிளேடை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் வரும். வாரத்துக்கு ஒன்று என்று மாற்றினால் பத்து பிளேடு இரண்டு மாதத்தைத் தாண்டும். இரண்டு மாதத்துக்கு வேண்டிய கையிருப்பு ஆறு கிராமிலும் ஒரு மில்லிமீட்டரிலும் முடிந்துவிடுகிறது. ஆகவே இடம் என்பது இங்கே பிரச்சினையே இல்லை. பிளேடு தன் அறையிலிருந்து ரேசரின் தலைக்குப் போய்ச் சேரும் வழிதான் பிரச்சினை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல மூளைக்காரர்கள் பலர் முட்டி மோதியது அந்த வழியில்தான்.

வழி ஏன் கடினம்? பிளேடின் கூர் விளிம்பு எதையும் தொடக் கூடாது. அதன் நுனியைச் சில பத்து நானோமீட்டர் என்ற கணக்கில் அளக்கிறார்கள். புது பிளேடின் உறையைப் பிரிக்கும்போது அதன்மேல் சிறு சிறு மெழுகுப் பொட்டுகள் ஒட்டியிருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். பிளேடு காகிதத்துக்குள் ஆடி, விளிம்பு உரசிவிடாமல் பிடித்துவைப்பது அந்த மெழுகு. காகிதத்தில் உரசுவதற்கே இவ்வளவு காவல் என்றால், பிளாஸ்டிக் சுவரில் இழுபட்டு வந்த பிளேடு முகத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கூர்மையான எஃகு ஏன் சீக்கிரம் மழுங்குகிறது என்ற கேள்வியும் சுவையானது. மனித முடி அந்த எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. மென்மையானது வன்மையானதை எப்படித் தோற்கடிக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்கு உள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து, 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் விடை சொன்னார்கள். விளிம்பு மெதுவாகத் தேய்ந்து உருண்டு போவதைவிட, அதிலிருந்து சில்லு பெயர்வதுதான் முக்கியக் காரணம். எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. அப்படிச் சீரற்ற ஓர் இடத்தில், வளைந்து சாய்ந்த முடி ஒன்று வந்து மோதும்போது நுண்ணிய சில்லு தெறித்துவிடுகிறது. முடி வளைகிற வரைக்கும் சில்லும் பெயரும். மாற்று பிளேடு தேவைப்படுகிற வரைக்கும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வியும் இருக்கும்.

பழைய சவரக்கத்திக்கு இந்தக் கேள்வியே கிடையாது. கத்தி ஒன்று, சாணைக்கல், தோல்வார், தீட்டத் தெரிந்த கை, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரரான ழான் ஜாக் பெரே 18-ஆம் நூற்றாண்டிலேயே கத்திக்கு மரக் காப்பு போட்டுப் பாதுகாப்பு ரேசர் என்ற எண்ணத்தைத் தொடங்கிவைத்தார். 1880-இல் நியூயார்க்கின் காம்ஃப் சகோதரர்கள் தலையும் கைப்பிடியும் தனித்தனியாக உள்ள ரேசருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்போதும் பிளேடு தடித்த ஆப்பு வடிவத்தில்தான் இருந்தது. தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். இங்கிலாந்தின் வில்கின்சன் சோர்டு கம்பெனி ஏழு பிளேடுகளை ஒரு பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயரைப் பொறித்து விற்றது. திங்கட்கிழமை பிளேடு அடுத்த திங்கள் வரை ஓய்வெடுக்கும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். பயனைவிடப் பெருமிதம் அதிகம் உள்ள பொருள் அது.

தூக்கியெறியும் பிளேடு வந்த பிறகுதான் கையிருப்பு என்பதே வருகிறது. கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். சோடா பாட்டிலின் தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர்தான் அவருடைய முதலாளி. ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பொருளாகப் பார்த்துச் செய், வாங்கினவன் திரும்பத் திரும்ப வருவான் என்று முதலாளி யோசனை சொன்னார். 1895-இல் ஜில்லெட்டுக்கு மெல்லிய தகட்டு பிளேடு என்ற எண்ணம் வந்தது. மெல்லிய தகட்டை வளையாமல் கோணாமல் கடினப்படுத்துவது நடக்காத காரியம் என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் நடத்திக் காட்டினார். 1901-இல் கம்பெனி, 1904 நவம்பரில் காப்புரிமை. விற்பனை தொடங்கிய 1903-இல் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டில் 90,884 ரேசர், 1,23,648 பிளேடு.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் தகடு தானாக நிமிர்ந்து நிற்காது. முகத்தில் வைத்தால் அதிரும். மேல் மூடிக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவில் வைத்துத் திருகும்போது ஜில்லெட் அதை வளைத்தார். வளைந்த தகடு விறைப்பாகிவிடும். பிளேடுக்கு விறைப்பு தருவது அதன் தடிமன் அல்ல, அதைப் பிடித்திருக்கிற தலை. எஃகு மிச்சம், விலை மலிவு. ஆனால் தலையை விட்டு வெளியே வந்த கணத்தில் அந்த பிளேடு தொளதொளவென்று ஆகிவிடும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தொல்லை கொடுக்கப்போவது இதுதான்.

கையிருப்பை ஜில்லெட் ரேசருக்குள் கொண்டுபோகவே இல்லை. ரேசரை மூன்று துண்டாகக் கழற்றி ஒரு சிறு பெட்டிக்குள் படுக்கவைத்தார். பக்கத்தில் பிளேடுக்குத் தனிச் சிமிழ். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படையினருக்காக வாங்கியது 35 லட்சம் ரேசர், 3 கோடியே 20 லட்சம் பிளேடு என்று கணக்கு. தலைக்கு ஒன்பது பிளேடு. பதுங்குகுழியில், மங்கிய வெளிச்சத்தில், நடுங்கும் விரலால் சிமிழைத் திறந்து, காகிதத்தை உரித்து, பிளேடைத் தலைக்குள் பொருத்தித் திருக வேண்டும். முடியாத வேலை இல்லை, லட்சக்கணக்கானவர்கள் செய்தார்கள். ஆனால் அந்தப் போரில் இருந்த ஒருவருக்கு அது பிடிக்கவில்லை.

ஜேக்கப் ஷிக் 1877-இல் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து பிலிப்பைன்ஸில் பணியாற்றி, அங்கே உடம்பு கெட்டு, பிறகு அலாஸ்காவுக்குப் போனார். ராணுவத் தந்திக் கம்பிகளைப் போடும் வேலை. தண்ணீர் உறைந்து கிடக்கிற ஊரில் தினமும் பனியை உருக்கி, சூடாக்கி, நுரை போட்டுச் சவரம் செய்வது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு முதலில் தோன்றியது தண்ணீரே வேண்டாத உலர் சவரம், அதாவது மின்சார ரேசர். அதைச் செய்ய அன்றைக்கு அவரிடம் பணமும் இல்லை, கைக்கடக்கமான மோட்டாரும் இல்லை. உலகப் போரில் மறுபடி படையில் சேர்ந்து, கர்னல் என்ற அடைமொழியோடு திரும்பியவர், 1920-களில் வேறொரு ரேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மேகசின் ரிப்பீட்டிங் ரேசர் என்று பெயர்.

துப்பாக்கி பிடித்தவர்களுக்கு அந்தப் பெயர் விளங்கும். தோட்டாக்களை அடுக்கிவைத்து, ஒன்றைச் சுட்டதும் அடுத்ததை இடத்துக்கு அனுப்பும் அறைதான் மேகசின். ஷிக் தோட்டாவுக்குப் பதிலாக பிளேடை வைத்தார். பிளேடுகள் கைப்பிடிக்குள் இருக்கும். இழுத்துத் தள்ளினால் புது பிளேடு தலைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். போகிற போக்கில் பழையதை மறுபக்கத்தில் வெளியே தள்ளிவிடும். உரிக்கக் காகிதம் இல்லை, திருக மூடி இல்லை, விரல் பிளேடைத் தொடவே வேண்டாம். மாற்று பிளேடைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ரேசர் என்றால் என் கணக்கில் இதற்கு மேல் ஒன்று இன்னும் வரவில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஷிக் செய்த முக்கியமான முடிவு இயந்திரத்தில் இல்லை, பிளேடில் இருக்கிறது. அவர் ஜில்லெட்டின் மெல்லிய இரட்டை விளிம்பு பிளேடைத் தொடவில்லை. ஒரு பக்கம் மட்டும் கூரான, குறுகலான, தடித்த பிளேடைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். அந்த இனத்து பிளேடு ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் தடிமன். இரண்டரை மடங்குதானே, அதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். இரண்டரையை மூன்று முறை பெருக்குங்கள். பதினைந்தரைக்கு மேல் வரும். ஒரு முனையில் விரலை வைத்துத் தள்ளினால் ஜில்லெட் பிளேடு நடுவில் வில்லாக வளைந்து சிக்கிக்கொள்ளும். ஷிக் பிளேடு அசையாமல் நேராகப் போகும்.

தடிமனால் இன்னொரு லாபமும் உண்டு. அடுக்கிலிருந்து ஒரு பிளேடு மட்டும் வெளியே வர வேண்டும், இரண்டு சேர்ந்து வரக் கூடாது. அதற்கு வாயிலின் இடைவெளி ஒரு பிளேடின் தடிமனைவிடப் பெரிதாகவும், இரண்டு பிளேடின் தடிமனைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். 0.25 மில்லிமீட்டர் பிளேடுக்கு அந்த இடைவெளி 0.25-க்கும் 0.5-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம், தாராளம். 0.1 பிளேடுக்கு 0.1-க்கும் 0.2-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அச்சில் வார்க்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பொருளில் அளவு கூடுவதும் குறைவதுமே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். நூறு ரேசர் செய்தால் சிலதில் பிளேடே வராது, சிலதில் இரண்டாக வரும். போதாக்குறைக்குத் தண்ணீர். இரண்டு தட்டையான தகடுகளுக்கு நடுவில் ஈரம் புகுந்துவிட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கண்ணாடிப் பலகைகளை நனைத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரிக்க முடியாது. குளியலறையில் வாழ்கிற ஒரு பொருளில் ஈரம் புகாத இடம் எது?

மூன்றாவது சிக்கல் வடிவத்தில். ரேசர் என்றால் கைப்பிடி நெட்டாக, தலை குறுக்காக. கைப்பிடிக்குள் பிளேடு நீளவாட்டில் படுத்திருக்கிறது. தலையில் குறுக்குவாட்டில் நிற்க வேண்டும். நடுவில் எங்கோ அது செங்கோணம் திரும்பியாக வேண்டும். பிளேடைத் திருப்புவது பெரும்பாடு. தலையைத் திருப்பிக் கைப்பிடியின் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் பிளேடு நேராக வழுக்கிப் போகும். அப்படிச் செய்தால் கழுத்தில் ஒரு கீல், கீலில் ஆட்டம், ஆட்டம் வந்தால் முகத்தில் வெட்டு. எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஷிக் அந்த ரேசர்த் தொழிலில் தமக்கிருந்த பங்கை விற்றார். வந்த பணத்தைப் போட்டு மின்சார ரேசரை முடித்து, 1931-இல் 25 டாலர் விலையில் விற்பனைக்கு விட்டார். பிளேடு வைப்பதற்கு எல்லோரையும்விட நல்ல வழி கண்ட மனிதருக்கு, பிளேடே வேண்டாம் என்பதுதான் கடைசி வரை ஆசையாக இருந்திருக்கிறது. 1937-இல் இறந்துபோனார்.

அவர் பெயரில் ரேசர் தொடர்ந்து வந்தது. 1930-களின் நடுவில் கையிருப்பு கைப்பிடியை விட்டு வெளியேறிவிட்டது. பிளேடுகள் ஒரு தனித் தகரக் கூட்டுக்குள் போயின. இன்ஜெக்டர் என்று பெயர். கூட்டின் முனையில் உள்ள நாக்கை ரேசர்த் தலையின் ஓரத்தில் செருகி, மேலிருக்கும் தள்ளியை நகர்த்தினால் புது பிளேடு உள்ளே, பழையது வெளியே. மாற்றும் முறை அதேதான், இடம்தான் மாறியது. செங்கோணத் திருப்பம் தொலைந்தது, கீல் தொலைந்தது, கைப்பிடி எளிதாயிற்று. வீட்டுக் குளியலறைக்கு இது சரியான முடிவு என்பேன். பயணிக்கு இது பின்னடைவு. ஒரு பொருளாக இருந்தது இரண்டாகிவிட்டது. கூட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் ரேசர் இருந்தும் இல்லாத கணக்கு.

வேறு வழிகளிலும் முயன்றார்கள். இங்கிலாந்தின் ரோல்ஸ் ரேசர் மாற்று பிளேடே வேண்டாம் என்றது. ஒரு நீள்சதுர உலோகப் பெட்டி. ஒரு மூடியின் உட்புறம் சாணைக்கல், எதிர்மூடியில் தோல்வார். பிளேடைப் பெட்டிக்குள் வைத்து, பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் அதுவே தீட்டிக்கொள்ளும். தடித்த ஒரே பிளேடு ஆண்டுக்கணக்கில் வரும். கையிருப்புக்குப் பதில் பட்டறையையே பெட்டிக்குள் வைத்த துணிச்சல் அது. 1965-இல் ஜில்லெட் கம்பெனி டெக்மேட்டிக் என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் தனித்தனி பிளேடுகளே இல்லை. நீண்ட எஃகுப் பட்டையைப் பாட்டுக் கேசட்டின் நாடா போல ஒரு கூட்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். நெம்பியைத் திருப்பினால் பழைய பகுதி ஒருபுறம் சுருண்டுகொள்ள, புதுப் பகுதி முன்னே வரும். பழையதும் புதியதும் ஒரே கூட்டுக்குள், விரலுக்கு எட்டாமல். என் இரண்டு கேள்விக்கும் அதனிடம் விடை இருந்தது. ஆனால் 1971-இல் அதே கம்பெனி இரட்டை பிளேடு கேட்ரிட்ஜை, அதாவது பிளேடுகள் பதித்த மாற்றுத் தலையை, இறக்கியது. சந்தை அந்தப் பக்கம் போய்விட்டது. பட்டை ரேசர் தோற்றதற்குக் காரணம் அதன் வடிவமைப்புக் குறை என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: பழைய பிளேடு. அமெரிக்காவில் ஒரு காலத்து வீடுகளில் குளியலறை மருந்து அலமாரியின் பின்சுவரில் ஒரு கீற்றுத் துளை இருக்கும். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்கு உள்ளே விழுந்துவிடும். அத்துடன் கதை முடிந்ததாக நினைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த வீடுகளைப் புதுப்பிக்கச் சுவரை உடைக்கிற தொழிலாளியின் காலடியில் துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டுகின்றன. நம் வீடுகளில் சுவரில் துளை போடவில்லை. ஜன்னல் சட்டத்தின் மேல் வைத்தோம், ஓட்டு இடுக்கில் செருகினோம், பென்சில் சீவப் பிள்ளைகள் கையில் கொடுத்தோம், மீதியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டோம். அந்தக் குப்பையை வெறுங்கையால் பிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் நாம் வடிவமைத்த ரேசரை வாங்கவில்லை. ஆனால் நம் ரேசர் அவர் கையில்தான் போய் முடிகிறது. 1946 வாக்கில் ஜில்லெட் கம்பெனி பிளேடுகளை உலோகக் கூட்டில் வைத்து விற்கத் தொடங்கியது. கட்டைவிரலால் தள்ளினால் ஒரு பிளேடு வெளியே வரும். அந்த வகைக் கூடுகளின் முதுகில் பழைய பிளேடைப் போடத் தனி இடம் கொடுத்தார்கள். ரேசர் வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்பான சில மில்லிமீட்டர் அதுதான்.

நம் நாட்டில் பயன்படுத்துவோரைப் பார்க்காமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கென்று ஜில்லெட் ஒரு ரேசரை உருவாக்கியபோது, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே வந்து விற்றபோது ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது; இங்கே பலர் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி முக்கித்தான் சவரம் செய்தார்கள். பிறகு இந்திய வீடுகளுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து சவரம் செய்பவர்களை நாள்கணக்கில் பார்த்து, 2010-இல் ஜில்லெட் கார்டு என்ற ரேசரை விட்டார்கள். ஒற்றை பிளேடு, மொத்தம் நான்கே பாகங்கள், சுலபமாக அலசக்கூடிய தலை, ஆணியில் மாட்டக் கைப்பிடியில் ஒரு துளை. அன்றைக்கு ரேசர் 15 ரூபாய், மாற்றுத் தலை 5 ரூபாய். தங்களால் செய்ய முடிந்த எத்தனையோ வித்தைகளை வேண்டாம் என்று எடுத்துப் போட்டார்கள். அந்தத் துளை ஒன்றே ஒரு பெரிய ஆராய்ச்சியின் பலன்.

நம் ஊர் சலூனிலும் பாடம் இருக்கிறது. கடைக்காரர் இரட்டை விளிம்பு பிளேடை உறையோடு சேர்த்து நீளவாட்டில் மடித்து, பட்டென்று இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்திக்குள் செருகுகிறார். உறையோடு ஒடிப்பதால் விரலில் படுவதில்லை. மீதிப் பாதி அந்த உறைக்குள்ளேயே அடுத்தவருக்காகக் காத்திருக்கிறது. எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவிய பிறகு வாடிக்கையாளர்களே புது பிளேடு போடுங்க அண்ணே என்று கேட்கப் பழகிக்கொண்டார்கள். ஆளுக்குப் பாதி பிளேடு என்பது செலவையும் கட்டுக்குள் வைத்தது. வடிவமைப்பாளர் பார்வையில் பாதி பிளேடு என்பது 11 மில்லிமீட்டர் அகலம். 22 மில்லிமீட்டர் பிளேடைக் கைப்பிடிக்குள் வைக்க வேண்டுமானால் கைப்பிடி கரண்டி அகலத்துக்குப் போய்விடும். 11 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கைப்பிடிக்குள் தாராளமாகப் படுக்கும்.

நானே செய்வதானால் என்ன செய்வேன் என்று தலைவர் கேட்டார். சொல்கிறேன், உடன்பட வேண்டியதில்லை.

பாதி பிளேடைத்தான் எடுப்பேன். புதிதாக ஒரு பிளேடு வடிவத்தை நானே கண்டுபிடிக்கமாட்டேன். இரட்டை விளிம்பு பிளேடின் நடுத்துளை வடிவம் 1930-களிலிருந்து பெரிதாக மாறவில்லை. எந்த ஊர் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். என் ரேசருக்கு என் பிளேடு மட்டும்தான் பொருந்தும் என்றால், கம்பெனி மூடிய மறுநாள் வாங்கினவர் கையில் இருப்பது ஓர் உலோகத் துண்டு.

தானாக பிளேடு மாற்றும் இயந்திரம் வைக்கமாட்டேன். ஷிக்கால் முடிந்தது, அவருடைய பிளேடு தடிமனாக இருந்ததால். 0.1 மில்லிமீட்டர் தகட்டைத் தள்ளினால் வளையும் என்று பார்த்தோம். தள்ளுவதற்குப் பதில் இழுக்கலாம். இழுக்கிற தகடு வளையாது. எதைக் கொண்டு இழுப்பது? சவர பிளேடு ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு. துருப்பிடிக்காத வகையானாலும் காந்தம் பிடிக்கும். ரேசரின் மூடியில் ஓர் ஓரமாகச் சிறு காந்தம் ஒன்றைப் பதித்தால், அதை அறையின் வாயில் காட்டி பிளேடின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து இழுத்துவிடலாம். விரல் போக வேண்டாம். காந்தம் அறைக்குப் பக்கத்திலேயே எந்நேரமும் இருக்கக் கூடாது. இருந்தால் பிளேடுகள் எல்லாம் காந்தமேறி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மெலிந்த காந்தமாக, மூடியின் மறுமுனையில் இருக்க வேண்டும். பிளேடுகளை அவற்றின் உறையோடு வைப்பதா, உரித்து வைப்பதா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம். உறையோடு வைத்தால் விளிம்பு பத்திரம், ஈரம் புகுந்தாலும் ஒட்டாது, ஆனால் தடிமன் பல மடங்கு கூடும். ஐந்து போதும் என்றால் உறையோடே வைத்துவிடலாம் என்று இப்போதைக்குச் சாய்கிறேன். அறை தலைக்குப் பக்கத்தில் வேண்டாம், கைப்பிடியின் அடியில் இருக்கட்டும். தண்ணீர் அங்கேதான் குறைவாகப் போகும். மூடியில் ரப்பர் வளையம் போடுவதோடு, உள்ளே புகுந்த ஈரம் காய ஒரு வழியும் வேண்டும். முற்றும் அடைத்த அறையில் ஒரு துளி நுழைந்தால் அது அங்கேயே குடியிருந்துவிடும்.

பழைய பிளேடுக்கு இரண்டாவது அறை. உள்ளே போகலாம், திரும்பி வரக் கூடாது; சாய்ந்த நாக்கு ஒன்று வைத்தால் போதும். பயன்படுத்திய பிளேடுக்கு உறை இருக்காது, எனவே அந்த அறை மெல்லியதாக இருக்கலாம். நிரம்பியதும் அறையை மட்டும் கழற்றி முழுதாக அப்புறப்படுத்தும்படி செய்ய வேண்டும்.

பயணத்துக்கான ரேசர் என்று விற்பதானால் அட்டையிலேயே ஓர் எச்சரிக்கை அச்சிட வேண்டும். தனியாகக் கழற்றக்கூடிய பிளேடை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்ரிட்ஜ் ரேசரைப் பல நாடுகளில் விடுகிறார்கள். ஆகவே நம் ரேசர் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் விமானப் பயணத்தில் பெட்டிக்குள் போட்டு ஒப்படைக்கத்தான் வேண்டும். பேருந்துக்கும் ரயிலுக்கும் மலையேறப் போகிறவர்களுக்கும் விடுதி மாணவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. என் மனத்தில் இருக்கிற வாடிக்கையாளர்களும் அவர்கள்தான்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கை எடுத்து வரைய உட்கார்ந்தால் பழைய பிளேடின் அறையை முதலில் வரையுங்கள்; புதிய பிளேடின் அறையை அதற்குப் பிறகு வரைந்துகொள்ளலாம். கணினியில் வரைந்ததோடு நிறுத்தாமல் அட்டையிலோ மரத்திலோ ஒன்று செய்து, கையில் சோப்பைத் தடவிக்கொண்டு திறந்து பாருங்கள். பிளேடுக்குப் பதில் அதே அளவில் வெட்டிய தகரத் துண்டை வைத்துப் பழகுங்கள், உண்மையான பிளேடு பிறகு. உங்கள் ஊர் சலூன்காரரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்தால் அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றியே பேசுவோம். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.